சட்டைப் பையில் இருந்த ஸ்பிரிங்

சிவராமன் மாமாவின் கால் தவறவில்லை. அவர் பிரேக்கைத்தான் மிதித்தார். கார் நிற்காமல் போய் மதிலில் மோதியதற்குக் காரணம் நான். அவர்தான் காரணம் என்று ஊரையும், போலீசையும், கடைசியில் அவரையே நம்பவைத்தவனும் நான்தான்!

எழுதிவிட்டேன்... நாலே வரி. இதைச் சொல்ல முடியாமல் இத்தனை நாளும் என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. தெரிந்தவராக இருந்தால் இந்நேரம் பேச்சை வேறு பக்கம் திருப்பியிருப்பேன். அந்த வித்தையில் நான் பலே ஆள்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டால் திகைத்துப்போவீர்கள். நான் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது உடைந்தது, ஏன் உடைந்தது, கோளாறு வண்டியிலா ஓட்டியவரிடமா என்று சொல்பவன். திருவனந்தபுரத்தில் எத்தனையோ பேர் என்னிடம் பொய் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரையும் நான் விட்டதில்லை. அப்பேர்ப்பட்ட யோக்கியன்!

கரமனையில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு மாமாவுடையது. குடிநீர்த் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உறவு ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்து மாமா, மாமி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. வீட்டில் அவரும் ராஜம் மாமியும் மட்டும். ஒரே மகள் லலிதா பெங்களூரில் வேலையாக இருக்கிறாள்.

மாமாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஐம்பதுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த சின்னப் பச்சைக் கார். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் மேலாளராக இருந்த ஒருவரிடமிருந்து, கல்யாணமான புதிதில் வாங்கியது. அந்தக் காரில் மாமியை உட்கார்த்திக்கொண்டு அவர் போகாத கோயில் இல்லை, கல்யாணம் இல்லை.

ஆனால் அதன் எஞ்சினைத் திறந்து பார்த்தால் கண்றாவி! எந்தக் கடையில் எது கிடைத்ததோ அதை மாட்டியிருந்தார்கள். டைனமோ இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு காரின் ஆல்டர்னேட்டர். கார்புரேட்டர் ஏதோ ஜீப்புடையது. காற்று வடிகட்டி தகரத்தில் அடித்துச் செய்தது. வண்டி ஓடியது, அவ்வளவுதான். எனக்கு அது பொறுக்கவில்லை. பழைய கார்களின் கண்காட்சி ஒவ்வோர் ஆண்டும் இங்கே நடக்கும். அதில் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பவர்களின் பெருமையைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பித்துப் பிடித்திருந்தது. இந்தக் காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்கு நான் திருப்பிக்காட்டுகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன்.

"உனக்கு வேற ஜோலி இல்லையாடா ரமணி?" என்று சிரித்தார். ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகள் முழுக்க அதில் போயின. டைனமோ கோயம்புத்தூரில் அகப்பட்டது. வடிகட்டியை ஒரு மலையாளி நண்பர் எங்கிருந்தோ கொண்டுவந்து தந்தார். சரியான கார்புரேட்டருக்காகத்தான் நாய்ப்பாடு பட்டேன். நாகர்கோவிலில் ஒரு பழைய இரும்புக் கடையில், கறுத்துப்போய்க் கிடந்தது. அதைத் துடைத்து அதன் மேல் பொறித்திருந்த எழுத்துகளைப் பார்த்ததும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உண்மையாகச் சொல்கிறேன், என் பிள்ளை பிறந்தபோது கூட நான் அப்படிச் செய்யவில்லை.

எல்லாவற்றையும் மாமா ரசித்தார். ஒன்றே ஒன்றில் மட்டும் பிடிவாதம் பிடித்தார்.

கார்புரேட்டரில் ஒரு ஸ்பிரிங் உண்டு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் வழியை இழுத்து மூடுவது அதன் வேலை. அது மூடவில்லை என்றால், காலை எடுத்த பிறகும் வண்டி பாய்ந்துகொண்டே இருக்கும். தொழிற்சாலை வைத்தது மெலிசான ஒரே ஒரு ஸ்பிரிங். மாமா அதன் பக்கத்தில் தடித்த இன்னொரு ஸ்பிரிங்கை மாட்டியிருந்தார். அவரே கம்பியை வளைத்துக் கொக்கி போட்டது. புதிதாக வந்த கார்புரேட்டரிலும் அதை மாட்டச் சொன்னார்.

"மாமா, இது ஒரிஜினல் இல்லை" என்றேன்.

"இல்லைதான். போனக்காட்டிலேர்ந்து எறங்கறச்சே ஒருதரம் ஆக்ஸிலேட்டர் ஒட்டிண்டுடுத்து. மாமி பக்கத்துல. கொக்கையை, அந்தப் பாதாளத்தைப் பார்த்துண்டே வந்தோம். அன்னிக்கு மாட்டினதாக்கும் இது. மத்ததெல்லாம் உன் இஷ்டம். இதை மட்டும் தொடாதே, கேட்டயா?"

கேட்டேன். நன்றாகவே காதில் விழுந்தது!

அந்த ஆண்டுக் கண்காட்சியில் எங்களுக்கு இரண்டாம் பரிசு. நடுவர் குனிந்து பார்த்து, எல்லாம் கச்சிதம், அந்தக் கூடுதல் ஸ்பிரிங் மட்டும் தவறு என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. ஒரு ஸ்பிரிங்! ஒன்றரை விரல் நீளம்! அதனால் தோற்றோமே!

மறு ஆண்டு, கண்காட்சியன்று காலையில், மாமா பூஜையில் இருந்தபோது நான் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால் கூட முட்டாள்தனம் என்று சொல்லிவிடலாம். இல்லை... இன்னும் இருக்கிறது. கழற்றிய பிறகு எஞ்சினைச் சற்று ஓடவிட்டுப் பார்த்தேன். சூடேறியதும் கார்புரேட்டரின் தண்டு ஒருமுறை ஒட்டிக்கொண்டது. பழைய இரும்புக் கடைச் சரக்கு, உள்ளே தேய்ந்திருந்தது. விரலால் தட்டினேன், விட்டது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். மெலிசான ஸ்பிரிங்கால் அதை ஒவ்வொரு தடவையும் இழுக்க முடியாது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். என் தொழிலே அதுதானே! தெரிந்தே பானட்டை மூடினேன்.

நடுவர் பார்த்து முடித்ததும் மாட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். சத்தியமாக நினைத்திருந்தேன். ஆனால் முதல் பரிசு என்று அறிவித்துவிட்டார்கள். பானட்டைச் சுற்றிக் கூட்டம். ஒவ்வொருவராகக் கைகொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அத்தனை பேர் முன்னால் அந்த நாட்டுக் கம்பியை எடுத்து மாட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. கண்காட்சி நடந்த கவடியாரிலிருந்து கரமனை என்ன காததூரமா, வீட்டில் போய் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கூச்சம்! ஒரு மனுஷியின் கையைவிட எனக்கு அது பெரிதாகத் தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

மாமா ஓட்டினார். மாமி முன்னால், பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு. நான் பின் சீட்டில். தம்பானூரில் ஒரே நெரிசல், வண்டி ஊர்ந்து ஊர்ந்து சூடேறியது. கிள்ளிப்பாலம் தாண்டியதும் முன்னால் போன பஸ்ஸை முந்துவதற்காக மாமா ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். முந்தினார். காலை எடுத்தார். எஞ்சின் சத்தம் குறையவில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது.

மாமா பிரேக்கை மிதித்தார். வண்டி முனகிக்கொண்டு இழுத்தது. அந்தக் காலத்துப் பிரேக், பாயும் எஞ்சினை எதிர்த்து எவ்வளவு நேரம் தாங்கும்? மாமி, "பிரேக்கைப் போடுங்கோ, பிரேக்கைப் போடுங்கோ!" என்று கத்தினாள். "போட்டிருக்கேன்டீ!" என்று அவரும் கத்தினார். மாமி குனிந்து அவர் காலைப் பார்த்தாள்.

'சாவியைத் திருப்புங்கோ மாமா!' இந்த ஒரு வார்த்தை போதும். எஞ்சின் அணைந்திருக்கும். அந்தப் பதற்றத்தில் அது நினைவுக்கு வந்தவன் நான் ஒருவன்தான். ஏன் சொல்லவில்லை? பயத்தில் நாக்கு எழவில்லை என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டேன். அதுதானா? அல்லது, சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று அந்த நேரத்திலும் கணக்குப் போட்டேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை... தெரிந்துகொள்ளவும் தைரியம் இல்லை.

எதிரே ஒரு பையன் சைக்கிளில் வந்தான். மாமா அவனைத் தவிர்க்க இடது பக்கம் ஒடித்தார். ஒரு வீட்டின் கருங்கல் மதிலில் மோதி நின்றோம். எஞ்சின் அணைந்தது.

மாமி அலறவில்லை. தன் வலது கை மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கை இருக்க வேண்டிய மாதிரி இல்லை. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி "ராஜம்... ராஜம்..." என்றார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கே நம்பமுடியாதது. நான் இறங்கினேன். மாமி பக்கத்துக் கதவு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் திறக்கவில்லை! நேராக முன்னால் போய், வளைந்திருந்த பானட்டை நெம்பித் திறந்து, பையிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்துப் பழைய இடத்தில் மாட்டினேன். கொக்கியை மாட்டும்போது சூட்டில் இரண்டு விரல்கள் வெந்தன. பிறகு, கூட்டம் ஓடி வருவதைப் பார்த்து, பேட்டரி வயரையும் பிடுங்கிப் போட்டேன்.

அடப்பாவி! அவ்வளவு நிதானம் எனக்கு எங்கிருந்து வந்தது? இதற்காகவே ஆயுள் முழுக்கப் பழகியவன் மாதிரி என் கை வேலை செய்தது.

ஜனங்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? தீப்பிடிக்காமல் வண்டியைக் காப்பாற்றிவிட்டார் என்றார்கள். என் வெந்த விரலைப் பார்த்து ஓர் ஆட்டோக்காரர் கண்கலங்கினார். மாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான்.

போலீஸ்காரர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். என்னைத் தெரியும் அவருக்கு. "ப்ராயமாயில்லே சாரே. பிரேக்குன்னு விசாரிச்சு ஆக்ஸிலேட்டர் சவிட்டிக் காணும், அல்லே?" என்று கேட்டார். வயதாகிவிட்டது, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்திருப்பார், இல்லையா என்கிறார். பொய்யை நான் தேடிப் போகவில்லை. அவரே தட்டில் வைத்து நீட்டினார். நான் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெஜத்தைச் சொல்லுடா ரமணி. நான் பிரேக்கைத்தானே சவிட்டினேன்?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"இல்லை மாமா. கால் மாறிடுத்து. நான் பார்த்தேன்" என்றேன்.

பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஓட்டுகிறவரின் கால் எப்படித் தெரியும்? ஒருவர், ஒரே ஒருவர், அதைக் கேட்டிருக்கலாம். போலீஸ் கேட்கவில்லை. லலிதா கேட்கவில்லை. ஐம்பது வருஷமாக அந்தக் காரை ஓட்டிய மாமாவே கேட்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். யாரோ ஓர் அந்நியனைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டுப்போட்ட கையோடு படுக்கையில் இருந்துகொண்டு, "அவர் கால் பிரேக்குலதான் இருந்தது. நான் குனிஞ்சு பார்த்தேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

பெங்களூரிலிருந்து வந்த லலிதா, "அம்மா, அப்பாவைக் காப்பாத்த வேண்டாம். யாரும் அப்பாவைத் திட்டப்போறதில்லை. ரமணி அண்ணாவே பார்த்திருக்கார். அவருக்குத் தெரியாததா?" என்றாள்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

லலிதா சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். காரை விற்றுவிடலாம் என்றபோது மாமா மறுக்கவில்லை. கொச்சியிலிருந்து ஒருவர் வந்து எடுத்துப்போனார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தத் தடித்த ஸ்பிரிங்கை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள், கார்புரேட்டர் தண்டையும் மாற்றுங்கள் என்று சொன்னேன். கவனியுங்கள்... முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு நொடியில் சொல்ல முடிந்தது! தன் காலையே நம்ப முடியாமல் திண்டாடிய மனிதரிடம் சொல்ல முடியவில்லை.

மாமியின் மணிக்கட்டு சரியாகச் சேரவில்லை. கை மேலே எழும், திரும்பாது. தானாகத் தலை பின்னிக்கொள்ள முடியாது. மாமாதான் பின்னிவிடுவார். தினம் காலையில் கூடத்தில் அவளை உட்காரவைத்து, மூன்று காலாகப் பிரித்து, பின்னத் தெரியாமல் பின்னி, பாதியில் விட்டுவிட்டு, "சரியா வரதோ? தப்பாப் பண்றேனோ?" என்று கேட்பார். அவர்கள் வீட்டுப் பேப்பரை இரவல் வாங்கப் போகும்போது பல நாள் பார்த்திருக்கிறேன். பேப்பரே வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன்.

அவர் அப்படிக் கேட்கிறவர் இல்லை. பாதி ஊரின் குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுக்குக் கீழே போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்பேர்ப்பட்ட மனுஷன், கேஸ் அடுப்பை மூடினோமா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்க்க ஆரம்பித்தார். பாங்கில் கையெழுத்துப் போடும்போது நிமிர்ந்து மாமியைப் பார்த்தார். சாலையைத் தனியாகக் கடக்க மாட்டேன் என்றார். "எனக்கு ஓர்மை போயாச்சுடா. நான் செஞ்சது எதுன்னே எனக்குத் தெரியலை" என்று என்னிடம் சொன்னார். ஞாபகம் போனதா? அவர் ஞாபகம்தான் சரி! என்னை நம்பி அதை அவர் தூக்கிப்போட்டுவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. எதிலாவது சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுவார். "ரமணி, நேத்து நான் கரண்டு பில் கட்டினேனா? நீ பார்த்தயா?" அவருடைய கண்ணைவிட என் கண் அவருக்கு நிச்சயமாகிவிட்டது. நான் எதைச் சொன்னாலும் நம்பியிருப்பார்.

சொல்லிவிட நினைத்ததே இல்லையா என்று கேட்பீர்கள். தெருவைத் தாண்டி அவர் வாசல்வரை எத்தனை முறை போயிருக்கிறேன்! கதவு திறக்கும். "வாடா, மாமி காப்பி போட... இல்லை, நான் போடறேன்" என்பார். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். வேலை போகும், பெயர் கெடும், அதெல்லாம் ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆஸ்பத்திரியில் அவர் கேட்டபோது நான் பார்த்த அந்த முகத்தை, உண்மை தெரிந்த முகமாக இன்னொரு தடவை பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

போன மாதம் லலிதா வந்து இருவரையும் பெங்களூருக்கு அழைத்துப்போனாள். இனிமேல் அப்பாவைத் தனியாக விட முடியாது என்றாள். வீட்டைப் பூட்டி, சாவியை என்னிடம்தான் கொடுத்தார்கள். தம்பானூர் ஸ்டேஷனில் பெட்டிகளை ஏற்றியதும் நான்தான். மாமா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். லலிதா தண்ணீர் வாங்கப் போனதும் மாமி கதவருகே வந்து நின்றாள்.

"ரமணி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். லலிதா இருக்கறச்சே கேட்டா கோவிச்சுப்பா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னிக்கு நான் பார்த்தது... பிரேக்குல இருந்த கால்... அது நெஜமா இல்லையா? ராத்திரி பகலா யோசிச்சுப் பார்க்கறேன். இப்பவும் கண்ணை மூடினா அது பிரேக்குலதான் இருக்கு. நீ ஒருத்தன் சொன்னா நான் விட்டுடறேன்."

வண்டி கிளம்ப நேரம் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. இதைவிடக் கடவுள் எனக்கு எப்படி வழி காட்டுவார்?

"நீங்க பயந்துண்டு இருந்தேள் மாமி. பயத்துல அப்படித் தோணும்" என்றேன். கூசாமல் சொன்னேன். குரல் கூட இடறவில்லை.

மாமி முந்தானையை இழுத்து வலது கையை மூடிக்கொண்டாள். "அப்படியாக்கும்" என்றாள். உள்ளே போய் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவரை அவள் கண்ணில் இருந்த ஏதோ ஒன்று அப்போது இல்லை. நான் அதைப் பார்த்தேன்.

நேற்றுக் காலையில் பெங்களூரிலிருந்து மாமி போன் செய்தாள். மாமாவை லலிதா ஒரு பெரிய டாக்டரிடம் காட்டுகிறாளாம், ஞாபகத்துக்குப் பரிசோதனையாம். "இப்போ எனக்கும் சேத்துப் பார்க்கச் சொல்லியிருக்கேன்டா. நானே சொன்னேன். இல்லாத ஒண்ணைக் கண்ணால பார்த்தேன்னு இத்தனை நாள் சாதிச்சிருக்கேனே, எனக்கும் ஏதோ ஆரம்பிச்சிருக்கு. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கா. நீ என்ன சொல்றே?"

போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். எதிரே பூட்டிய வீடு.

"பார்த்துடறது நல்லதுதான் மாமி" என்றேன்.

"நீ சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டாள்.

இன்று செவ்வாய்க்கிழமை. இன்னும் ஒரு நாள் நடுவில் இருக்கிறது. எண் என் போனில் இருக்கிறது, ஒரு தடவை தொட்டால் போதும்... உங்களிடம் இவ்வளவும் சொல்லிவிட்டேனே, அவர்களிடமும் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு என்னைத் தெரியும்.